ஆறாவது தெரிவு

வினோஜாவுக்கு இங்கிலீஷ் வாய்த்ததுதான் இத்தனைக்கும் மூலம். மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் இங்கிலீஷ் படிப்பிக்கிறாள். ஊரில் யாருக்காவது விசாப் படிவம் நிரப்பவேண்டுமென்றாலும் சரி, ரொறன்ரோவில் இருக்கும் பேரனுக்கு இரண்டு வரி வாழ்த்து எழுதவேண்டுமென்றாலும் சரி, ஒரு கடதாசியைப் பிடித்தபடி அவள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்துவிடுவார்கள். அவளும் இல்லையென்று சொன்னதில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு, எழுதியதைத் தானே இன்னொருதரம் வாசித்து ரசிக்கிற ஆள் அவள்.

அப்படித்தான் தம்பி சுபாசும் வந்தான். சுபாஸ் ஒரு சுற்றுலா நிறுவனம் நடத்துகிறான். நிறுவனம் என்றால் இரண்டு வான்கள், தேவைப்பட்டால் வாடகைக்குப் பிடிக்கிற பஸ்கள், றொசாந்தி என்றொரு வழிகாட்டிப் பெண், மிச்சமெல்லாம் சுபாசின் வாய். காங்கேசன்துறைக்கு உல்லாசக் கப்பல் வரப்போகிறதென்று காதில் விழுந்ததுமே அந்த வாயோடு கொழும்புக்குப் போய், பயணிகளைக் கரையில் கூட்டித்திரிகிற வேலையைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

வேலை இதுதான். கப்பல் காலையில் வந்து பின்னேரம் போய்விடும். நடுவில் கிடைக்கிற ஏழெட்டு மணித்தியாலத்துக்குள் எங்கெங்கே போகலாம் என்று பயணிகளுக்கு ஒரு பட்டியல் கொடுக்கவேண்டும். அவர்கள் முதல்நாளே கப்பலில் இருந்தபடி அதில் ஒன்றைத் தெரிவு செய்வார்கள். காலையில் இறங்கும்போது அவரவர் நெஞ்சில் அந்த இலக்கம் போட்ட ஸ்ரிக்கர் ஒட்டப்படும். ஒன்றாம் இலக்கக்காரர் ஒரு பஸ், இரண்டாம் இலக்கக்காரர் இன்னொரு பஸ். கல்யாண வீட்டுப் பந்திக்கு ஆள் பிரிக்கிறதைவிடச் சுகமான வேலை என்று சுபாஸ் பெருமையடித்தான்.

பட்டியலை வினோஜாதான் எழுதினாள். ஒன்று, கோட்டையும் நூலகமும். இரண்டு, நல்லூர்க் கோயில். மூன்று, கீரிமலைக் கேணி. நான்கு, கசூரினாக் கடற்கரை. ஐந்து, பருத்தித்துறை மீன்சந்தை. ஒவ்வொன்றுக்கும் நாலு வரி வர்ணனை. வாசித்தால் அவளுக்கே போய்ப் பார்க்கவேண்டும்போல இருந்தது.

முதல் கப்பல் பங்குனியில் வந்தது. ஏற்கெனவே பத்து நாளாக இந்தியாவில் கோயில் பார்த்துக் களைத்த வெள்ளைக்காரரும் வடஇந்தியரும்தான் அதில் அதிகம். அவர்களுக்கு இன்னுமொரு கோயில் எதற்கு? இரண்டாம் இலக்க பஸ்ஸில் எட்டுப் பேர்தான் ஏறினார்கள். கீரிமலைக்குப் போனவர்கள் கேணியை எட்டிப் பார்த்துவிட்டு, பத்து நிமிஷத்தில் அடுத்தது என்ன என்று கேட்டார்கள். மீன்சந்தைக்குப் போன இரண்டு பேர் மணம் தாங்காமல் திரும்பிவரும்போது பஸ்ஸிலேயே சத்தி எடுத்தார்கள். போதாக்குறைக்கு வெயில்.

ஒரு மாதத்தில் கப்பல்காரரிடமிருந்து கடிதம் வந்தது. இடங்கள் காட்டினது போதும், மனிதர்களைக் காட்டுங்கள், யாழ்ப்பாணத்து வீடுகளுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் பயணிகள் விரும்புகிறார்கள், அடுத்த கப்பலுக்குள் ஆறாவதாக அப்படி ஒன்றைச் சேர்க்காவிட்டால் வேலையை வேறு ஆட்களுக்குக் கொடுக்கவேண்டி வரும் என்று எழுதியிருந்தார்கள். அக்காதான் அதை வாசித்துச் சொன்னாள். சுபாசின் முகம் தொங்கிப்போய்விட்டது. பனங்கிழங்கு அவிக்கிறதைக் காட்டலாமே என்றாள் வினோஜா. அதற்கெல்லாம் கப்பலில் வந்து இறங்கமாட்டார்கள் என்றான் அவன்.

அந்த நேரத்தில் வினோஜாவுக்குக் கப்பல் கவலையெல்லாம் இல்லை. அவளுடைய கவலை வீட்டுக்குள் இருந்தது. மகள் டிலக்சிகா, பதின்மூன்று வயது, மாசியில் பெரியபிள்ளையாகியிருந்தாள். ஆவணியில் பள்ளிக்கூட விடுமுறை வரும், கனடாச் சொந்தங்களும் வந்துவிடும், அப்போது சாமத்தியவீட்டுச் சடங்கை மண்டபம் எடுத்துச் செய்வோம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, பிள்ளை வந்து நடுவில் நின்று வேண்டாமென்றாள். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. எனக்கு வேண்டாம் என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

பெரியவர்கள் சிரித்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் முதலில் அப்படித்தான் சொல்லுவார்கள், உடுப்பைக் கண்டதும் எல்லாம் மாறும் என்றாள் மகாதேவி. மகாதேவி வினோஜாவின் கணவன் குகதாசனுக்குத் தமக்கை. அந்த வீட்டில் நல்லது கெட்டது எதுவும் அவள் வாய் திறக்காமல் நடந்ததில்லை.

வினோஜா சிரிக்கவில்லை. மகளை அறைக்குள் கூட்டிப்போய்க் கதைத்தாள். நெருங்கிய சொந்தம் மட்டும்தான், பள்ளிக்கூடத்து ஆட்கள் யாரும் இல்லை, பேஸ்புக்கில் லைவ் போடுகிற கூத்து கிடையாது, முன்பின் தெரியாத ஒருவரும் உன்னைப் பார்க்கமாட்டார்கள் என்று பிள்ளையின் தலையில் கை வைத்துச் சொன்னாள். பிள்ளை சுவரைப் பார்த்தபடி, சரியம்மா என்றாள். அந்தச் சரியைக் காப்பாற்றிவிடவேண்டும் என்று வினோஜா உண்மையாகவே நினைத்தாள். இந்த ஒரு பிள்ளைதான் அவளுக்கு. அது தன்னிடம் ஒளிக்காமல் கதைக்கிறது என்பதுதான் அவளுடைய மிகப் பெரிய பெருமை.

ஆனால் யாழ்ப்பாணத்தில் நெருங்கிய சொந்தம் என்றால் அதற்கு வேலி கிடையாது. ஒருவருக்குச் சொல்லி மற்றவருக்குச் சொல்லாமல் விட்டால் பத்து வருஷத்துக்குக் கதையில்லை. அறுபது பேர் என்று தொடங்கியது ஆனி முடிவதற்குள் முந்நூறாகிவிட்டது. சந்தியில் பதினைந்து அடி உயரத்துக்குப் பிள்ளையின் படம் போட்ட பதாகை ஒன்றும் எழும்பியது. எல்லோரும் வைக்கிறார்கள், நாங்கள் வைக்காவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று குகதாசன் கேட்டான். படத்தைத் தெரிவுசெய்து கொடுத்தவள் வினோஜாதான். அன்றிலிருந்து டிலக்சிகா ரியூஷனுக்குச் சந்தியால் போகாமல் ஒழுங்கையால் சுற்றிப் போனாள். அது வெயிலுக்காக இருக்கும் என்று வினோஜா எண்ணிக்கொண்டாள்.

ரொறன்ரோவிலிருந்து வரப்போகிற பிள்ளைகளுக்குத் தமிழ் அரைகுறை. சாமத்தியவீடு என்றால் என்ன, எதற்கு என்று கேட்டு அவர்கள் குடும்ப வட்சப் குழுவில் குடைந்துகொண்டிருந்தார்கள். வினோஜா ஒரு பின்னேரம் உட்கார்ந்து இங்கிலீஷில் அழகாக ஒரு குறிப்பு எழுதிப் போட்டாள். எங்கள் வழக்கத்தில் ஒரு பெண்பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்பதை ஒளித்து வைப்பதில்லை, மாமன் பாலும் அறுகும் வைத்துத் தண்ணீர் வார்க்க, உறவெல்லாம் கூடிக் கொண்டாடுகிறோம் என்று தொடங்கி, அன்றைக்கு எங்கள் வாசலைத் தாண்டி வருகிற ஒவ்வொருவரும் அவளுக்கு ஒரு மாமன், ஒரு மாமி என்று முடித்திருந்தாள். குழுவில் எல்லோரும் இதயம் போட்டார்கள். சுபாஸ் மூன்று இதயம் போட்டான்.

நாள் பார்த்தபோது சாத்திரி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னார். இரண்டாவதுதான் நல்லதென்று சுபாஸ் ஒற்றைக்காலில் நின்றான். மண்டபம், பல்லக்கு, மேடைச் சோடினை எல்லாம் தன்னுடைய பொறுப்பு, தாய்மாமன் என்று நான் ஒருத்தன் எதற்கு இருக்கிறேன் என்றான். அதற்குப் பிறகு ஒருநாள், கப்பலும் அதே ஞாயிறுதான் வருகிறது, பரவாயில்லை, அதை றொசாந்தி பார்த்துக்கொள்ளுவாள் என்று போகிற போக்கில் சொன்னான். பிழைப்பையே விட்டுவிட்டு மருமகளுக்காக வந்து நிற்கப்போகிறான் என்று வினோஜாவின் கண் கலங்கிவிட்டது. அன்றிரவு குகதாசனிடம் தம்பியைப் பற்றி அவள் புகழ்ந்த புகழ்ச்சி கொஞ்சநஞ்சமில்லை.

ஞாயிறு காலை வீட்டுக் கிணற்றடியில் தண்ணீர் வார்த்தார்கள். பத்துப் பதினைந்து பேர்தான் நின்றார்கள். சுபாஸ் பாலும் அறுகும் வைக்க, பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு குனிந்து நின்றாள். பத்தரைக்கு மண்டபத்தில் பல்லக்கு வந்தது, புகை அடித்தார்கள், மேலே ட்ரோன் இரைந்தது. டிலக்சிகா மேடையில் இருத்தப்பட்டாள். சோடி சோடியாகப் பெண்கள் ஏறி ஆராத்தி எடுத்தார்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கிறதென்று வினோஜா அப்போதுதான் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள்.

பதினொன்றேகாலுக்கு வாசலில் இரண்டு பெரிய பஸ்கள் வந்து நின்றன. கனடாச் சொந்தம் யாரோ வான் பிடிக்காமல் பஸ்ஸே பிடித்துவிட்டார்கள் என்று அவள் நினைத்தாள். முதலில் இறங்கியது றொசாந்தி. அவள் கையில் ஒரு தடி, தடியின் நுனியில் ஒரு மட்டை, மட்டையில் ஆறு என்ற இலக்கம். அவளுக்குப் பின்னால் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் தண்ணீர்ப் போத்தலுமாகச் சனம் இறங்கியது. இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. எல்லோர் நெஞ்சிலும் பச்சை ஸ்ரிக்கர். எல்லாவற்றிலும் ஆறு.

வழிதவறி வந்துவிட்டார்கள், பாவம், என்றுதான் வினோஜாவின் மனம் முதலில் சொன்னது. கோட்டைக்குப் போகிற பஸ்ஸை றொசாந்தி இங்கே கொண்டுவந்துவிட்டாள். பிறகுதான் ஒன்று உறைத்தது. அவள் எழுதிய பட்டியலில் ஐந்துக்குமேல் இலக்கமே இல்லை.

வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண்பிள்ளைகள் வந்தவர்களுக்கும் தெளித்தார்கள். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரி, சேலையை எப்படியோ சுற்றிக்கொண்டு, வினோஜாவிடம் நேரே வந்தாள். பட்டுச் சேலையைக் கண்டு அடையாளம் பிடித்திருக்கவேண்டும். நீங்கள்தான் தாயா என்று கேட்டாள். எங்களையும் குடும்பத்தில் ஒருவராகக் கூப்பிட்டதற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது, என் கணவர் கடற்கரைக்குப் போவோம் என்றுதான் நின்றார், இதை வாசித்ததும் நான்தான் இதைத் தெரிவு செய்தேன் என்று கையிலிருந்த கடதாசியைக் காட்டினாள். நல்ல மனுஷி. கண்ணில் கள்ளம் இல்லை.

வினோஜா வாங்கி வாசித்தாள். ஒன்றிலிருந்து ஐந்துவரை அவளுடைய எழுத்துத்தான். ஆறாவதும் அவளுடைய எழுத்துத்தான். எங்கள் வழக்கத்தில் ஒரு பெண்பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்பதை ஒளித்து வைப்பதில்லை. மாமன், பால், அறுகு, தண்ணீர். எங்கள் வாசலைத் தாண்டி வருகிற ஒவ்வொருவரும் அவளுக்கு ஒரு மாமன், ஒரு மாமி. ஒரு கமா மாறவில்லை. அதற்குக் கீழே மட்டும் வேறொரு கை சேர்த்திருந்தது: இரண்டு மணித்தியாலம். மரக்கறிச் சாப்பாடு உண்டு. நடக்கவேண்டியது குறைவு, படிகள் இல்லை. படம் எடுக்கலாம். பிள்ளையோடு நின்றும் படம் எடுக்கலாம்.

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. மேளக்காரர் அடிப்பது தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை. மூக்கைச் சீறிப்போட்ட பிள்ளையைக்கூட வகுப்பில் எழுப்பி நிறுத்தி மற்றவர்களுக்குக் காட்டக்கூடாதென்று சக ஆசிரியைகளோடு சண்டை பிடிக்கிறவள் அவள். அவள் பிள்ளையை, அவள் கையால் எழுதிய இங்கிலீஷிலேயே, கோட்டைக்கும் மீன்சந்தைக்கும் பக்கத்தில் ஆறாவதாக அச்சடித்துக் கப்பலுக்குள் விநியோகித்திருக்கிறார்கள்.

மண்டபத்தில் வேறு யாருக்கும் அந்த அதிர்ச்சி இல்லை. அதுதான் அவளுக்கு இரண்டாவது அடி. சனம் முகமெல்லாம் பல்லாக எழும்பி இடம் விட்டது. இவ்வளவு வெள்ளைக்காரர் வந்த சாமத்தியவீடு மானிப்பாயில் இதற்குமுன் நடந்ததில்லை என்று ஒருவர் மற்றவருக்குச் சொன்னார். மகாதேவி முன்வரிசைக் கதிரைகளில் இருந்த பெரியப்பாமாரைக் கிளப்பிவிட்டு வந்தவர்களை இருத்தினாள். வீடியோக்காரன் பிள்ளையை விட்டுவிட்டு வெள்ளைக்காரர் பக்கம் கமராவைத் திருப்பினான். றொசாந்தி மட்டும் வினோஜாவின் முகத்தைக் கண்டுவிட்டு, தடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். உங்களிடம் கேட்டுச் செய்தது என்றுதான் சுபாஸ் அண்ணை சொன்னவர் மிஸ் என்றாள் மெல்ல.

வினோஜா மேடையைப் பார்த்தாள். உள்ளே நுழைகிற அந்தக் கூட்டத்தை டிலக்சிகாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பிள்ளை அதிர்ந்துபோய் உறைந்துவிட்டது என்று தாய் எண்ணினாள்.

குகதாசனைப் பிடித்துக் கடதாசியைக் காட்டினாள். அவன் வாசித்தான். அவனுக்கும் முகம் கறுத்துத்தான் போனது. ஆனால் பிரதேச சபையில் இருபது வருஷம் வேலை செய்த மனுஷன், எந்தக் கோபத்தையும் நாளைக்கு ஒத்திவைக்கப் பழகியவன். வாசலுக்கு வந்த சனத்தைச் சாப்பிடாமல் அனுப்புகிறதா, அப்படியொரு பழக்கம் எங்கள் குடும்பத்தில் உண்டா என்று கேட்டான். பிறகு கொஞ்சம் இறங்கி, "வினோ, நீர் இப்ப ஒண்டும் கதையாதையும். வந்தவை வந்திட்டினம். சுபாசோடை நான் நாளைக்குக் கதைக்கிறன்," என்றான்.

நாளைக்குக் கப்பல் எங்கே, படங்கள் எங்கே? அவள் சமையல்பக்கம் போய்ச் சுபாசைப் பிடித்தாள். அவன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எழுபத்தொன்பது சாப்பாடு தனியாகக் கட்டுங்கோ, உறைப்புக் குறையுங்கோ என்று சொல்லிக்கொண்டு நின்றான். அவளைக் கண்டதும் சிரித்தான். கடதாசியைக் கண்டதும் சிரிப்பைக் கொஞ்சம் குறைத்தான்.

"என்னட்டை ஏனடா கேக்கேல்லை?" என்றாள்.

"கேட்டா நீ ஓமெண்டிருப்பியோ அக்கா?"

"மாட்டன்."

"அதுதான் கேக்கேல்லை."

அவன் அதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னான். அவனிடம் அதுதான் பொல்லாதது, கெட்ட மனம் கிடையாது. வேலை கையைவிட்டுப் போகிற நிலைமை, வீட்டுக்குள் நடப்பதைக் காட்டு என்றால் வேறு யார் வீட்டுக்குள் கூட்டிப்போவது, தெரியாத வீடென்றால்தானே பிழை, இது தாய்மாமன் உரிமையோடு செய்தது என்று அடுக்கிக்கொண்டே போனான். ஆறு தெரிவிலும் இதற்குத்தான் அதிகம் பேர் அடையாளம் போட்டார்கள் என்பதைச் சொல்லும்போது அவன் குரலில் பெருமைகூட இருந்தது. பிள்ளையின் சாமத்தியவீடு நல்லூரையும் வென்றுவிட்டதாம்.

உன்னை நம்பிப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்தவளடா நான் என்றாள் வினோஜா. முன்பின் தெரியாத ஆள் ஒருவரும் பார்க்கமாட்டார் என்று சொன்னேனே என்றாள்.

சுபாஸ் அக்காவை ஒரு மாதிரிப் பார்த்தான். "சந்தியிலை பதினைஞ்சு அடியிலை அவளின்ரை படத்தைக் கட்டினது ஆர்? மினிபஸ்ஸிலை போற வாற சனமெல்லாம் ஒரு மாதமாப் பாக்குது. அதுகளை உனக்குத் தெரியுமோ?"

அந்தப் பதாகையில் பல்லுத் தெரியச் சிரிக்கிற படத்தை, பிள்ளை வேண்டாமென்று சொன்ன படத்தை, இதுதான் வடிவு என்று தெரிவுசெய்து கொடுத்தது அவள்தான்.

அவள் பேசாமல் நிற்பதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்ட சுபாஸ் அடுத்ததைக் கேட்டான். காலையில் வீட்டில் தண்ணீர் வார்த்ததை வந்தவர்கள் பார்க்கவில்லை, கடதாசியிலோ தண்ணீர் வார்ப்பும் இருக்கிறது, ஆகையால் மேடையில் ஒருதரம், சும்மா பேருக்கு, ஒரு செம்பு மட்டும் திருப்பி வார்த்தால் என்ன? பிள்ளை நனையாமல் தோளோடு துவாய் போட்டு வார்க்கலாம். ஐந்து நிமிஷ வேலை.

வினோஜாவுக்கு மீன்சந்தைக்குப் போய்ச் சத்தி எடுத்தவர்களின் நினைவு என்னவோ அந்த நேரத்தில் வந்து தொலைத்தது. "ஒரு செம்பில்லை, ஒரு சொட்டு அவளிலை பட்டுதெண்டால் நீ எனக்குத் தம்பி இல்லை," என்றாள். அவள் இப்படிக் கதைத்து அவன் கேட்டதில்லை. சமையல்காரர் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார்கள். சரி சரி, தண்ணீர் இல்லை, படம் மட்டும் என்று சுபாஸ் கையை உயர்த்தினான்.

அவள் திரும்பி வந்தபோது படம் எடுப்பு தொடங்கிவிட்டது. றொசாந்திக்குப் பதிலாக மகாதேவியே வரிசை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றாள். பச்சை ஸ்ரிக்கர் ஒட்டிய சனம் மேடையின் ஒரு பக்கத்தால் ஏறி, டிலக்சிகாவின் தோளோடு நெருங்கி நின்று சிரித்து, மறுபக்கத்தால் இறங்கியது. ஒரு உயரமான மனுஷன் பிள்ளையின் தலையில் இருந்த கிரீடத்தைத் தொட்டுப் பார்த்தான். ஒருத்தி பிள்ளையின் கையைத் தூக்கி, வளையல்களை எண்ணினாள். டிலக்சிகா ஒவ்வொருவருக்கும் ஒரே அளவாகச் சிரித்தாள்.

வினோஜா மேடையில் ஏறி, உடுப்பு மாற்றுகிற நேரம் வந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்லி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அறைக்குப் போனாள். சோடினைக்காரப் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டாள். வெளியே ஒலிவாங்கியில் யாரோ, இன்னும் ஐந்து நிமிஷத்தில் நாயகி திரும்ப வருவா என்று இங்கிலீஷில் அறிவித்தார்.

மகளைக் கதிரையில் இருத்தி, கிரீடத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். நெற்றியில் அது அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது. மன்னிப்புக் கேட்கவேண்டும், எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. இது மாமாவின் வேலை, எனக்கு இப்போதுதான் தெரியும், ஒரு சொல்லும் என்னிடம் சொல்லவில்லை என்று குழறிக் குழறிச் சொல்லிக்கொண்டு போனாள்.

டிலக்சிகா நிமிர்ந்து பார்த்தாள். மேடையில் வராத திகைப்பு இப்போதுதான் அவள் முகத்தில் வந்தது.

"உங்களுக்குத் தெரியாதோ?" என்றாள். "நீங்கள் எழுதினதெண்டெல்லோ நான் நினைச்சனான்."

வியாழக்கிழமை, சட்டை அளவு கொடுக்க மாமாவின் வானில் போனபோது, பின்சீற்றில் அந்தக் கடதாசிகள் கட்டாகக் கிடந்தனவாம். எடுத்து வாசித்தாளாம். ஒன்றிலிருந்து ஆறுவரைக்கும் அம்மாவின் இங்கிலீஷ் என்று வாசித்ததுமே தெரிந்துவிட்டதாம்.

வியாழன், வெள்ளி, சனி. வினோஜா மனதுக்குள் எண்ணினாள். மூன்று நாள் இந்தப் பிள்ளை அவளோடு இருந்து சாப்பிட்டிருக்கிறது, மருதாணி போடக் கை நீட்டியிருக்கிறது, நேற்று இரவு கட்டிப்பிடித்துப் படுத்திருக்கிறது. தன்னைக் கப்பலுக்கு விற்றது தாய்தான் என்று நினைத்துக்கொண்டே.

"என்னட்டை ஏன் கேக்கேல்லை?" என்றாள். தம்பியிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்கிறோம் என்பது கேட்ட பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

"வேண்டாமெண்டு முதலே சொன்னனான்தானே அம்மா," என்றாள் டிலக்சிகா. குரலில் கோபம் இல்லை, கணக்குப் பாடத்தில் தெரிந்த விடையைச் சொல்லுகிற குரல். "அவையளுக்கு ஆறு குடுத்து, எது விருப்பமெண்டு கேட்டிருக்கினம். கடற்கரைக்குப் போகப்போறியளோ, இவளைப் பாக்கப்போறியளோ எண்டு. எனக்கு வேண்டாமெண்ட ஒண்டுதான் இருந்தது. அதையும் நீங்கள் சரியெண்டு சொல்லப் பண்ணினீங்கள்."

வினோஜா அப்படியே அவள் காலடியில் நிலத்தில் இருந்துவிட்டாள். பட்டுச் சேலை கசங்குவது பற்றி நினைக்கவில்லை. தனக்கும் தம்பிக்கும் வித்தியாசம் இருக்கிறதென்று அரைமணிநேரமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தாளே, அந்த வித்தியாசம் எங்கே என்று தேடினாள். அவன் கேட்கவே இல்லை. இவள் கேட்டாள், பதிலைக் கேட்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "சரி. இப்ப நான் கேக்கிறன். உனக்கு என்ன விருப்பம்? வெளியிலை போக வேண்டாமெண்டால் போக வேண்டாம். பின்வாசலாலை வீட்டை போவமெண்டாலும் போவம். நீ சொல்லு."

யாரோ கதவைத் தட்டினார்கள். மகாதேவியின் குரல். கப்பலில் வந்தவர்கள் ஒரு மணிக்குப் புறப்படவேண்டுமாம், அரைவாசிப் பேர் இன்னும் படம் எடுக்கவில்லையாம், கெதியாக வரட்டாம். அவளுக்குப் பின்னால் மண்டபம் இரைந்துகொண்டிருந்தது.

டிலக்சிகா கதவைப் பார்க்கவில்லை. தாயின் முகத்தையே பார்த்தாள். புதிய ஒரு சொல்லுக்குக் கருத்துத் தேடுகிறவளைப்போலப் பார்த்தாள்.

"உண்மையாக் கேக்கிறியளோ அம்மா?" என்றாள்.

உண்மையாகத்தான் என்று வினோஜாவின் வாய்வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து, வெளியே இருக்கிற முந்நூறு பேரும் அவள் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். முன்வரிசையில் இருந்து எழுப்பிவிடப்பட்ட பெரியப்பாமார், இதற்கென்றே ரிக்கற் போட்டு வந்த ரொறன்ரோக் குடும்பங்கள், குகதாசனின் பிரதேச சபைக் கந்தோர் ஆட்கள், இனிக் காலம் முழுக்கக் கதை சொல்லப்போகிற மகாதேவி. ஒரு கணம்தான். கண் ஒருதரம் கதவுப்பக்கம் போய்த் திரும்புகிற நேரம்தான். அதற்குப் பிறகு, ஓம் பிள்ளை, உண்மையாகத்தான் என்று அவள் சொன்னாள். உண்மையாகவே சொன்னாள்.

ஆனால் அந்த ஒரு கணத்தைப் பிள்ளை கண்டுவிட்டாள்.

டிலக்சிகா மெல்லத் தன் கைகளைத் தாயின் பிடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். மேசையில் இருந்த கிரீடத்தை எடுத்து, கண்ணாடியைப் பார்த்து, சிவந்த தடத்தின்மேலேயே சரியாக வைத்து அழுத்தினாள். "பரவாயில்லை அம்மா, எழும்புங்கோ. சேலை கசங்குது," என்றாள். பிறகு தாயைச் சுற்றிக்கொண்டு போய், தாழ்ப்பாளைத் தானே திறந்தாள்.